புதிதாக ஆடு வளர்ப்பவர்களுக்கு: கொட்டில், குழை, ஆட்டின் குணம்

1. ஒன்றாக வாங்காதீர்கள், இரண்டு மறியாக (பெட்டை ஆடாக) வாங்கித் தொடங்குங்கள். ஆடு கூட்டத்தில் வாழும் பிராணி. தனியே கட்டினால் கத்திக்கொண்டே நிற்கும், தீனியும் ஒழுங்காக எடுக்காது. சேர்த்து விட்ட முதல் சில நாட்கள் முட்டிக்கொள்ளும். யார் பெரியவர் என்று தீர்ந்ததும் அடங்கிவிடும், இரத்தக் காயம் வந்தால் மட்டும் பிரியுங்கள்.

2. கொட்டிலின் தளத்தை நிலத்திலிருந்து 3 அடி உயர்த்துங்கள். பனஞ்சலாகைகளை 1.5 சென்ரிமீற்றர் இடைவெளியில் அடியுங்கள். கூடினால் கால் சிக்கி முறியும், குறைந்தால் புழுக்கை கீழே விழாமல் தேங்கும். குட்டிகள் நிற்கும் மூலையில் சாக்கு விரியுங்கள். ஒரு பெரிய ஆட்டுக்கு 12 சதுர அடியாவது வேண்டும். மாரியில் வாடைக்காற்றோடு சாரல் அடிக்கும் வடகிழக்குப் பக்கத்தைக் கிடுகால் மறையுங்கள்.

3. 30 கிலோ ஆட்டுக்கு நாளொன்றுக்கு 3 கிலோ குழை, குடிக்க 3 முதல் 5 லீற்றர் நல்ல தண்ணீர். கிளிசரியா, பூவரசு, முருங்கை, பலா எனக் கலந்து வெட்டுங்கள். பச்சை மரவள்ளிக் குழையில் சயனைட் நஞ்சு உண்டு, அதைத் தவிருங்கள்.

குழையைக் கட்டி ஆட்டின் தலை உயரத்தில் தொங்கவிடுங்கள். முன்னங்கால்களைத் தூக்கி நின்று நுனிக் கொழுந்தை முதலில் கடிக்கும். கீழே விழுந்து மிதிபட்டதை முகர்ந்துவிட்டு விலகும். அதைச் செல்லம் என்று எண்ணி வற்புறுத்தாதீர்கள். சிறுநீரும் புழுக்கையும் பட்ட இலையால் குடற்புழு பரவும்.

4. விசேஷ வீட்டில் மிஞ்சிய சோற்றை வாளியோடு வைப்பதுதான் நம் பக்கத்தில் நல்ல ஆடுகளைச் சாகடிக்கும் பெரிய பிழை. மாப்பொருள் இரைப்பையில் வேகமாகப் புளித்து அமிலமாகும், இரைப்பை அசைவதே நின்றுவிடும். இடப்பக்கம் கடைசி விலாவுக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் முஷ்டியை அழுத்தி வையுங்கள். நிமிடத்துக்கு 1 அல்லது 2 தடவை உள்ளே உருண்டு கையைத் தள்ள வேண்டும். அசைவு இல்லை, அசைபோடவும் இல்லை, பல்லை நறநறவென்று கடிக்கிறது என்றால் தவிட்டையும் சோற்றையும் உடனே நிறுத்தி, அன்றைக்கே கால்நடை வைத்தியரைக் கூப்பிடுங்கள். தவிடு கொடுப்பதென்றாலும் ஒரு கைப்பிடியில் தொடங்கி, 10 நாட்களில் மெல்லக் கூட்டுங்கள். கிடாய்க்குத் தவிட்டை அளவோடு வையுங்கள், கூடினால் சிறுநீர்க்குழாயில் கல் அடைக்கும்.

5. மாரியில், ஐப்பசி முதல் மார்கழி வரை, புல்லின் ஈரம் காய்ந்த பிறகே மேய்ச்சலுக்குக் கட்டுங்கள். ஈரப் புல்லின் நுனிக்குப் புழுவின் குஞ்சுகள் ஏறி நிற்கும். வாரம் ஒருமுறை கீழ் இமையைப் பெருவிரலால் இழுத்துப் பாருங்கள். சிவந்திருந்தால் நல்லது. வெளிறியிருந்தால், அல்லது தாடைக்குக் கீழே நீர் கட்டி வீங்கியிருந்தால், இரத்தம் குடிக்கும் புழு என்று சந்தேகியுங்கள். பூச்சி மருந்தை நிறைபார்த்தே கொடுக்க வேண்டும். குறைத்துக் கொடுத்தால் புழு சாகாமல் மருந்துக்குப் பழகிவிடும்.

6. மறி வாலை ஓயாமல் ஆட்டி, காரணமின்றிக் கத்தினால் பருவத்துக்கு வந்திருக்கும். அது சுமார் 21 நாளுக்கு ஒருமுறை வரும், ஒன்றரை நாளளவே நிற்கும். கிடாயோடு விட்ட திகதியைக் கொட்டில் கப்பில் எழுதி வையுங்கள், சினைக்காலம் 150 நாட்கள். குட்டி விழுந்ததும் கொப்பூழில் அயடீன் தொட்டு, முதல் மணித்தியாலத்துக்குள் கடும்புப்பால் (ஈன்றதும் சுரக்கும் முதற்பால்) குடிக்க வையுங்கள்.