அதிபர் பதவியேற்பை நேரில் பார்க்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

அமெரிக்க அதிபர் பதவியேற்பு நான்கு வருடத்துக்கு ஒருமுறை, ஜனவரி 20 நண்பகலில் நடக்கும். அடுத்தது 2029இல், அன்று சனிக்கிழமை வேறு. வர்ஜீனியா, மேரிலாந்து பக்கம் இருக்கிற நம் ஆட்கள் பலர் ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாஷிங்டனுக்குக் கிளம்பிவிடுவார்கள். தாராளமாகப் போங்கள், வாழ்நாளில் ஒருமுறையாவது பார்க்க வேண்டிய காட்சிதான். ஆனால் சில விஷயங்களில் ஏமாந்துவிடாதீர்கள்.

முதல் தவறு, டிக்கெட் கையில் இருந்தால் இடம் உறுதி என்று நம்புவது. இந்த டிக்கெட் இலவசம், உங்கள் தொகுதி எம்.பி. அல்லது செனட்டர் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு வாங்க வேண்டும், யாராவது காசுக்கு விற்றால் வாங்காதீர்கள். பெரும்பாலான டிக்கெட்டுகள் நிற்பதற்கான அனுமதிதான், நாற்காலி கிடையாது. அந்த நிற்கும் இடமும் நிச்சயமில்லை என்பதற்கு 2009ஐப் பாருங்கள். ஒபாமா முதல்முறை பதவியேற்ற அந்த நாளில் சுமார் 18 லட்சம் பேர் கூடியதாக மதிப்பீடு. ஊதா நிறப் பகுதிக்கான டிக்கெட் வைத்திருந்த ஆயிரக்கணக்கானவர்கள் விடியும் முன்பே வந்து மூன்றாம் தெருச் சுரங்கப்பாதைக்குள் வரிசையில் நின்றார்கள். வரிசை நகரவே இல்லை. மேலே பதவிப்பிரமாணம் நடக்கும்போது கீழே சுரங்கத்துக்குள் எந்தத் திரையும் இல்லாமல், கையில் டிக்கெட்டோடு நின்றவர்கள் ஏராளம். அதே நேரத்தில் டிக்கெட்டே இல்லாமல், விழா மேடைக்கு எதிரே நீளும் நேஷனல் மால் என்ற திறந்தவெளிப் புல்வெளியில் நின்றவர்கள் பெரிய திரைகளில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார்கள்! அதனால் டிக்கெட் வாசல் வரிசை நகரவில்லை என்றால் எத்தனை மணிக்கு வரிசையை விட்டு வெளியேறி மாலுக்குப் போவது என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிடுங்கள், அங்கே போய் யோசித்தால் வரிசையை விட மனசு வராது.

அடுத்து குளிர். பலர் பெரிய ஜாக்கெட் ஒன்றை மாட்டிக்கொண்டு போதும் என்று நினைக்கிறார்கள். 2009இல் நண்பகலிலேயே பூஜ்யத்துக்குக் கீழே 2 டிகிரி. உறைந்த தரையில் ஐந்தாறு மணி நேரம் அசையாமல் நிற்கும்போது குளிர் பாதம் வழியாகத்தான் ஏறும். பருத்தி சாக்ஸ் வேண்டாம், கம்பளி சாக்ஸ் போடுங்கள், காலடியில் போட்டு நிற்க ஒரு அட்டைத் துண்டு எடுத்துப் போங்கள், பெரிய வித்தியாசம் தெரியும். குளிர் மிகவும் கடுமையானால் விழாவையே உள்ளே மாற்றிவிடுவார்கள், 1985இலும் 2025இலும் அப்படித்தான் கேப்பிட்டல் என்ற நாடாளுமன்றக் கட்டடத்தின் ரொட்டண்டா மண்டபத்துக்குள் நடந்தது, டிக்கெட் வாங்கியிருந்தவர்களில் மிகச் சிலரைத் தவிர யாருக்கும் உள்ளே இடமில்லை. ஆகவே கடைசி இரண்டு மூன்று நாள் செய்தியைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

பெரியவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் கவனிக்க: கழிப்பறை வரிசைக்குப் பயந்து அவர்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார்கள். விடாதீர்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரையும் ஏதாவது தின்பண்டமும் உள்பாக்கெட்டில் இருக்கட்டும். டிக்கெட் பகுதிக்குள் முதுகுப்பை, குடை, பிளாஸ்க், குழந்தை வண்டி எதுவும் விடமாட்டார்கள், வாசலில் போட்டுவிட்டுப் போகத்தான் சொல்வார்கள், திரும்பக் கிடைக்காது. மாலுக்கான தடைப் பட்டியல் கொஞ்சம் மாறும், அந்த வருடப் பட்டியலைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

போனை நம்பிப் பிரியாதீர்கள். இத்தனை லட்சம் பேர் ஒரே இடத்தில் நின்றால் சிக்னல் இருக்கும், கால் போகாது. சந்திக்கும் இடம் என்று வாஷிங்டன் நினைவுத்தூணைச் சொல்வது எல்லோரும் செய்கிற தவறு, அங்கேதான் எல்லோரும் நிற்பார்கள். மாலுக்கு வெளியே நாலைந்து தெரு தள்ளி ஒரு முனையைக் குறித்துக்கொள்ளுங்கள். குழந்தையின் சட்டைப்பையில் உங்கள் நம்பரை எழுதி வையுங்கள். கூட்டம் நெருக்கினால் தடுப்புவேலி ஓரம் ஒதுங்காதீர்கள், கைகளை நெஞ்சுக்கு முன்னால் மடக்கிவைத்து, எதிர்த்துத் தள்ளாமல் குறுக்காக வெளியே வாருங்கள்.

பதவிப்பிரமாண வாசகம் மொத்தம் 35 ஆங்கிலச் சொற்கள், ஒரு நிமிடம்கூட ஆகாது. வீடியோவைச் சரிசெய்துகொண்டிருந்தால் அவ்வளவுதான், போய்விடும்.

அப்புறம், உரை முடிந்ததும் ஓடாதீர்கள். 2009இல் பழைய அதிபர் புஷ் கேப்பிட்டலின் கிழக்குப் பக்கத்திலிருந்து ஹெலிகாப்டரில் கிளம்ப, மாலில் நின்ற கூட்டம் அண்ணாந்து பார்த்தது. ஒரு சண்டையும் இல்லாமல் அதிகாரம் கை மாறுவதைக் கண்ணால் பார்ப்பது என்றால் எனக்கு அதுதான், மேடையில் நடப்பதைவிட அந்தக் காட்சி பெரிது. தவிர, முதலில் ஓடுகிறவர்கள்தான் மெட்ரோ வாசலில் நசுங்குகிறார்கள். மாலுக்கு மிக அருகிலுள்ள ஸ்மித்சோனியன் போன்ற நிலையங்களைப் பாதுகாப்புக்காக மூடிவிடுவதுண்டு, அப்போது மீதிக் கூட்டம் முழுக்க லான்ஃபான்ட் பிளாசா நிலையத்துப் பக்கம் திரும்பும். ஒரு மணி நேரம் பொறுத்து, அருங்காட்சியகம் ஏதாவது திறந்திருந்தால் உள்ளே போய்க் கொஞ்சம் சூடேற்றிக்கொண்டு, தள்ளியிருக்கும் நிலையத்துக்கு நடங்கள். வர்ஜீனியாக்காரர்கள் கால் தெம்பு இருந்தால் லிங்கன் நினைவகம் தாண்டி ஆர்லிங்டன் மெமோரியல் பாலத்தின் மேல் நடந்தே போய்விடலாம், 2009இல் நிறையப் பேர் அப்படித்தான் வீடு சேர்ந்தார்கள்.