ஸ்டாண்ட்பை இருந்தும் கணக்கு தொலைவது எப்படி?

சம்பா அறுவடைக் காலம். கொள்முதல் நிலைய வாசலில் டிராக்டர் வரிசை. பட்டியல் எழுத்தர் ஒரு விவசாயியின் பெயரில் 40 கிலோ சிப்பம் 62 என்று ஏற்றுகிறார். திரையில் ‘பதிவு செய்யப்பட்டது’ என்று வருகிறது. விவசாயி சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார். அடுத்த நொடியே சர்வர் செத்தாலும் அந்த 62 சிப்பம் கணக்கில் இருந்தாக வேண்டும். டேட்டாபேஸில் கமிட் என்பதற்கு அவ்வளவுதான் அர்த்தம். இன்னொரு சர்வர் வாங்கி ஸ்டாண்ட்பையாக, அதாவது கணக்கின் நகலோடு காத்திருக்கும் மாற்று சர்வராக, வைத்தால் இது தானாக வந்துவிடும் என்று நினைப்பதுதான் முதல் தவறு. மற்ற தவறுகள் அதற்குள்ளேயே இருக்கின்றன. கீழே வரும் அமைப்புகள் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸுக்கும், அதைக் கண்காணித்துத் தலைமை சர்வரை மாற்றும் பட்ரோனி என்ற மென்பொருளுக்கும் உரியவை. வேறு டேட்டாபேஸிலும் இதே குழிகள் வேறு பெயரில் உண்டு.

டிஸ்க்கிலிருந்து தொடங்கலாம். கமிட் ஆனது என்றால், ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசையாகக் குறித்துவைக்கும் லாக்கின் பதிவு டிஸ்க்கில் இறங்கிவிட்டது என்று பொருள். அதை உறுதிசெய்வது ‘எஃப்சிங்க்’. வேகம் போதவில்லை என்று அதை அணைத்துவிட்டு, “அதான் யுபிஎஸ் இருக்கே” என்பவர்கள் உண்டு. யுபிஎஸ் மின்வெட்டைத்தான் தாங்கும். பவர் சப்ளை கருகினாலோ கெர்னல் நின்றுபோனாலோ அதனால் ஒன்றும் செய்ய முடியாது. அணைக்காவிட்டாலும் டிஸ்க்கே பொய் சொல்லலாம். நிமிடத்துக்கு 7200 சுற்று ஓடும் ஹார்டு டிஸ்க் நொடிக்கு 120 சுற்றுதான். போஸ்ட்கிரெஸுடன் வரும் எஃப்சிங்க் சோதனைக் கருவி அந்த டிஸ்க்கில் நொடிக்கு ஆயிரக்கணக்கில் காட்டுகிறதென்றால், தரவு டிஸ்க்கின் தற்காலிக நினைவகத்தில்தான் நிற்கிறது. நடுவில் பேட்டரி உள்ள ரெய்டு கார்டு இருந்தால் கவலையில்லை. இல்லாவிட்டால் அந்த வேகம் கடன் வாங்கிய வேகம். எஸ்எஸ்டி வாங்கும்போது, மின்சாரம் போன நொடியில் கையிலிருப்பதை எழுதி முடிக்க உள்ளேயே கெபாசிட்டர் வைத்த மாடலாகப் பாருங்கள். லேப்டாப்புக்கு விற்கும் மலிவு எஸ்எஸ்டிகளில் பெரும்பாலும் அது இருக்காது.

அடுத்து, இரண்டாவது சர்வரை எங்கே வைப்பது? மன்னார்குடியில் ஒன்று, பட்டுக்கோட்டையில் ஒன்று என்று வைத்தால் வரைபடத்தில் அழகாகத்தான் இருக்கும். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா, இரண்டு ஊரின் மின்கம்பங்களையும் ஒரே இரவில் சாய்த்தது. ஒரே புயல், ஒரே வெள்ளம், ஒரே மின்தடம் எட்டும் இடத்தில் இருக்கும் இரண்டு சர்வர்கள், இந்தக் கணக்கில் ஒன்றுதான். தஞ்சையில் ஒன்று, கோவையில் ஒன்று, சென்னையில் ஒன்று என்று பிரியுங்கள். தூரம் அதிகமானால் வேகம் குறையாதா என்றால், குறையும். எவ்வளவு என்று கணக்குப் போடலாம். ஒளியிழையில் ஒளி மில்லிநொடிக்குச் சுமார் 200 கி.மீ. ஓடும். தஞ்சையிலிருந்து சென்னை போய்த் திரும்பக் கிட்டத்தட்ட 3 மில்லிநொடி. கேபிள் சுற்றிப் போவதால் 10 என்றே வைத்துக்கொள்ளலாம். எழுத்தருக்கு அது தெரியவே தெரியாது. தெரியப்போவது இரவில் ஓடும் வட்டிக் கணக்கு நிரலுக்கு. ஒரு லட்சம் வரிகளை ஒவ்வொன்றாக கமிட் செய்தால் 1000 நொடி, அதாவது சுமார் 17 நிமிடம் வெறும் காத்திருப்பிலேயே போகும். 500 வரிக்கு ஒரு கமிட் என்று மாற்றினால் அது 2 நொடி.

தூரத்தைக் காரணம் காட்டி நகலெடுப்பைத் தளர்த்துவதில்தான் கணக்கு அதிகம் தொலைகிறது. எதையும் மாற்றாமல் விட்டால், ஸ்டாண்ட்பைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காமலே பிரைமரி, அதாவது பதிவுகளை ஏற்கும் தலைமை சர்வர், ‘ஆயிற்று’ என்று சொல்லிவிடும். போதாததற்கு, 1 எம்பி லாக் வரை பின்தங்கிய ஸ்டாண்ட்பையையும் தலைமைக்கு உயர்த்தலாம் என்பது பட்ரோனியின் இயல்பு அமைப்பு. ஒரு ரசீதுக்கு 1 கேபி லாக் என்றால் ஏறக்குறைய ஆயிரம் ரசீது. லாக் எதுவரை வந்தது என்று பட்ரோனி கடைசியாக அளந்த பிறகு எழுதியவையும் அதோடு சேர்ந்து போகும். இதற்கு பயந்து ஒரே ஒரு ஸ்டாண்ட்பையை வைத்து ஒத்திசைவு நகலை (ஸ்டாண்ட்பை ஒப்புக்கொண்ட பிறகே கமிட்) கட்டாயமாக்கினால் வேறு வினை: ஸ்டாண்ட்பை நின்றதும் பிரைமரியில் எல்லா கமிட்டும் தொங்கும். காலை 11 மணிக்கு வரிசை நீளும்போது யாராவது அந்த அமைப்பை அணைப்பார், திரும்பப் போட மறப்பார். ஸ்டாண்ட்பை இரண்டு, அதில் எதாவது ஒன்று ஒப்புக்கொண்டால் போதும் என்பதே சரியான ஏற்பாடு. பட்ரோனி ஆள்கிற இடத்தில் இதை அதன் ‘சிங்க்ரனஸ் மோட்’ வழியாகவே செய்யுங்கள். போஸ்ட்கிரெஸ் கோப்பில் கையால் எழுதாதீர்கள். ‘ஸ்ட்ரிக்ட்’ சேர்க்காவிட்டால், ஸ்டாண்ட்பை ஒன்றுகூட இல்லாதபோது அது தளர்ந்து, தனியாகவே எழுதத் தொடங்கும். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸின் ‘செமி சிங்க்’கும் அப்படித்தான்: 10 நொடி காத்துப் பார்த்துவிட்டுச் சாதாரண நகலுக்கு இறங்கிவிடும். அலாரம் வைக்கவில்லையென்றால் இறங்கியதே தெரியாது.

இனி, யார் தலைமை என்று முடிவெடுப்பது. ஒரே மதகின் சாவி இரண்டு பேரிடம் இருந்தால் என்ன ஆகும் என்று டெல்டாக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சர்வர் இரண்டு மட்டும் என்றால், நடுவே லைன் அறுந்ததும் அடுத்தவர் செத்தாரா, லைன்தான் செத்ததா என்று இருவருக்குமே தெரியாது. வாக்கு மூன்று வேண்டும். நான்கு வைப்பதால் லாபமில்லை. பெரும்பான்மைக்கு மூன்று தேவைப்படுவதால் அப்போதும் ஒரு இழப்பைத்தான் தாங்கும். வாக்கு எண்ணும் எட்சிடி மென்பொருளை டேட்டாபேஸ் இருக்கும் அதே டிஸ்க்கில் போடாதீர்கள். அதன் தேர்தல் கெடு 1 நொடிதான். டேட்டாபேஸ் பேக்கப் ஓடி டிஸ்க் திணறும்போது காரணமில்லாமல் தேர்தல் நடக்கும். சீக்கிரம் மாறட்டும் என்று பட்ரோனியின் 30 நொடி கெடுவைக் குறைப்பதும் இதே தொல்லையைக் கொண்டுவரும். 2018 அக்டோபர் 21 அன்று, நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் இணைப்பு அறுந்திருந்தது 43 நொடி. அதற்குள் தலைமை அமெரிக்காவின் மறுகரைக்கு மாறி, இரு பக்கமும் மற்றதில் இல்லாத பதிவுகள் சேர்ந்துவிட்டன. சேவை முழுதாகச் சீரடைய 24 மணி 11 நிமிடம் ஆனது. பழைய தலைமை தொங்கிப்போனால் அந்த இயந்திரத்தையே மீட்டமைக்கும் ‘வாட்ச்டாக்’கைக் கட்டாயமாக்கி வையுங்கள்.

டேட்டாபேஸ் ஆட்கள் தொடாத பகுதி ஒன்று உண்டு: செயலியின் பக்கம். கமிட் போனது, பதில் வருவதற்குள் இணைப்பு அறுந்தது. பதிவாயிற்றா? செயலிக்குத் தெரியாது. மறுபடி அனுப்பினால் 62 சிப்பம் 124 ஆகலாம். அனுப்பாவிட்டால் பூஜ்யம் ஆகலாம். அனுப்புவதற்கு முன்பே ரசீதுக்கு ஒரு தனி எண்ணை எழுத்தரின் கணினியிலேயே உருவாக்கி, டேட்டாபேஸில் அந்த எண் ஏறும் நெடுவரிசைக்கு ‘யுனிக்’ கட்டுப்பாடு போடுங்கள். அதே எண்ணோடு எத்தனை முறை அனுப்பினாலும் ஒரு வரிதான் ஏறும். இன்னொன்று: மின்சாரம் போய்ச் செத்த சர்வர் ‘போகிறேன்’ என்று சொல்லாது. லினக்ஸின் இயல்பு அமைப்பில், அனுப்பிய தரவுக்குப் பதில் வராமலே இணைப்பு ஏறக்குறைய 15 நிமிடம் தொங்கும். தலைமை 30 நொடியில் மாறியிருக்கும். எழுத்தரின் திரையில் மட்டும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ‘டிசிபி யூசர் டைம்அவுட்’டை 10 நொடி அளவுக்கு வையுங்கள்.

ஸ்டாண்ட்பைக்கு நிலையான ‘ரெப்ளிகேஷன் ஸ்லாட்’ வைத்திருந்தால், அது பல நாள் அணைந்து கிடக்கும்போது அதற்கான லாக்கை அந்த ஸ்லாட் பிரைமரியில் பிடித்து வைத்திருக்கும். மணிக்கு 60 லாக் கோப்பு, ஒவ்வொன்றும் 16 எம்பி என்றால் நாளைக்கு 23 ஜிபி. 100 ஜிபி காலியிடம் ஐந்தாம் நாளில் நிறைந்து பிரைமரியும் நிற்கும். ஸ்லாட்டுக்கு உச்சவரம்பு வைக்கும் வசதி 13ஆம் பதிப்பிலேயே வந்துவிட்டது. ஆனால் நாமாக வைக்காதவரை வரம்பே கிடையாது. வையுங்கள். ஸ்டாண்ட்பையைப் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம்.

நகல் பேக்கப் ஆகாது. தப்பான டெலீட்டும் அதே வேகத்தில் மூன்று ஊருக்கும் போய்ச் சேரும். 2017 ஜனவரி 31 அன்று, கிட்ஹப் போன்ற இன்னொரு தளமான கிட்லேப்பில் தவறான சர்வரில் தரவுக் கோப்புறை அழிக்கப்பட்டபோது, தினசரி பேக்கப், கருவியின் பதிப்பு டேட்டாபேஸோடு பொருந்தாமல் தோற்றுக்கொண்டிருந்ததும், அதைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சல்கள் நிராகரிக்கப்பட்டு வந்ததும் அப்போதுதான் தெரிந்தது. சுமார் 6 மணி நேரத் தரவு போயிற்று. மாதம் ஒருமுறை பேக்கப்பை வேறொரு இயந்திரத்தில் ஏற்றி, நேற்றைய ரசீதுகளின் கூட்டுத்தொகை சரியா என்று பாருங்கள்.

இவ்வளவையும் குறுவை முடிந்து வேலை தணிந்த ஒரு நாளில், ஒரு சோதனை அமைப்பில் ஓட்டிப் பார்க்கலாம். ஒரு சின்ன நிரல் 1, 2, 3 என்று எண்களை ஒவ்வொரு கமிட்டாக எழுதட்டும். ‘ஆயிற்று’ என்று பதில் வந்த எண்ணை மட்டும் வேறு கணினியில் குறித்துக்கொள்ளட்டும். நடுவில் பிரைமரியின் மின்கம்பியைப் பிடுங்குங்கள். ஷட்டவுன் கொடுத்தால் அது சோதனை ஆகாது. தலைமை மாறியதும் இரண்டு பட்டியலையும் ஒப்பிடுங்கள். குறித்த எண் ஒன்று டேட்டாபேஸில் இல்லையென்றால் முதலில் நகல் அமைப்பைப் பாருங்கள். டேட்டாபேஸில் இருந்து, குறிப்பில் மட்டும் ஒரு எண் இல்லையென்றால் அது பிழையல்ல. பதில் வழியில் தொலைந்த கமிட், ‘யுனிக்’ எண் கவனித்துக்கொள்ளும். பிறகு பழைய பிரைமரியைக் கிளப்பி, அது தானாக ஸ்டாண்ட்பையாக இணைகிறதா என்று பாருங்கள். செக்சம் (தரவு கெட்டிருக்கிறதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) இல்லாமல், ‘வால் லாக் ஹின்ட்ஸ்’ என்ற அமைப்பையும் இயக்காமல் டேட்டாபேஸை உருவாக்கியிருந்தால் பழையதைப் பின்னோக்கிச் சரிசெய்யும் கருவி மறுத்துவிடும், முழு நகலையும் முதலிலிருந்து எடுக்க வேண்டிவரும்.