3 முறை ‘தீர்க்கப்பட்டது’ என்று மூடப்பட்ட புகார்: என் அனுபவம்

மழை ஓய்ந்து இரண்டு நாட்களாகியும் எங்கள் தெருமுனையில் கணுக்கால் அளவு நீர் தேங்கி நின்றது. நகராட்சியின் இணையவழிப் புகாரில் ‘வடிகால் அடைப்பு’ என்ற பிரிவில் பதிவு செய்தேன். துப்புரவுப் பிரிவுப் பணியாளர்கள் வந்து தூர்வாரினார்கள். மாலையே ‘தீர்க்கப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வந்தது. அடுத்த மழையில் மீண்டும் அதே தேக்கம். இப்படியே 3 முறை நடந்தது. வார்டு உறுப்பினரிடம் கொடுத்த மனுவும் அதே துப்புரவுப் பிரிவுக்கே போய்ச் சேர்ந்தது.

தெருவில் நீர் நிற்கும்போது வடிகால் வறண்டு கிடந்ததை நான் வெகு தாமதமாகத்தான் கவனித்தேன். அடைப்பு இருந்திருந்தால் வடிகாலும் நிரம்பியிருக்க வேண்டும் அல்லவா? நீர் உள்வாங்கும் வாயருகே குனிந்து பார்த்தபோது, சேற்றுக் கறை அதன் விளிம்புக்குக் கீழேயே ஒரு கோடாக நின்றிருந்தது. நடைபாதையைப் புதுப்பித்தவர்கள் அந்த விளிம்பில் சிமென்ட் பூசி, சாலையைவிட 6 சென்டிமீட்டர் உயர்த்திவிட்டிருந்தார்கள். துப்புரவுப் பிரிவு எத்தனை முறை தூர்வாரினாலும் இது சரியாகாது. இது பொறியியல் பிரிவின் வேலை.

எனவே ‘சாலை, நடைபாதை’ என்ற பிரிவில் புதிய புகார் பதிந்து, அளவுநாடாவை வைத்து எடுத்த படம், அருகிலுள்ள தெருவிளக்குக் கம்பத்தின் எண், முந்தைய 3 புகார் எண்கள் ஆகியவற்றை இணைத்தேன். எட்டாம் நாள் உதவிப் பொறியாளர், கம்ப எண்ணைக் கொண்டு இடத்தை நேராகக் கண்டுபிடித்து வந்து, விளிம்பை உடைத்துச் சரிவாக அமைக்கச் செய்தார். அடுத்த மழையில் அரை மணி நேரத்துக்குள் நீர் வடிந்தது, மனம் லேசானது.