ஊர் நடுகல்லைப் பதிவு செய்து மரபு நடை நடத்துவது எப்படி? தருமபுரி, கிருஷ்ணகிரி ஊர்க் குழுக்களுக்கான தொடக்கநிலை விளக்கம்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஏரிக்கரையிலும், புளியமரத்தடியிலும், வேடியப்பன் கோயில்களிலும் நடுகற்கள் நிற்கின்றன. கவர்ந்து செல்லப்பட்ட மாட்டு மந்தையை மீட்கப் போராடி மடிந்தவர்களுக்கும், புலியை எதிர்த்து இறந்தவர்களுக்கும் எடுக்கப்பட்ட கற்கள் இவற்றுள் பல. இன்றைய தருமபுரியான தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் நடுகல்லுக்குப் பீலி (மயில் தோகை) சூட்டி வழிபட்டதை ஔவையார் பாடிய பாட்டு, புறநானூற்றில் 232ஆம் பாடலாக உள்ளது. அத்தகைய மண்ணில், சாலை விரிவாக்கத்துக்கு வரும் ஒரு பொக்லைன் வண்டி ஆயிரம் ஆண்டுப் பழைய கல்லைச் சில நிமிடங்களில் புரட்டிப் போட்டுவிட முடியும். ஆகவே ஊரில் நான்கைந்து பேர் சேர்ந்து வரலாற்றுக் குழு தொடங்கினால், விழா எடுப்பதற்கு முன் பதிவு செய்வதையே முதல் வேலையாகக் கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதல் படி: கண்ணைப் பழக்குதல்

தருமபுரியில் உள்ள தொல்லியல் துறை அகழ்வைப்பகத்துக்கோ, கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்கோ குழுவாகச் சென்று, அங்குள்ள நடுகற்களை நிதானமாகப் பாருங்கள். பழைய கற்கள் பலவற்றில் வீரன் ஒரு கையில் வில்லும் மறு கையில் வாளும் ஏந்தி நிற்பான். காலருகே சிமிழ், கெண்டி போன்ற சிறு கலங்கள் இருக்கலாம். பிற்காலக் கற்கள் சிலவற்றில் மூன்று அடுக்குகள் உண்டு: கீழே போர்க்காட்சி, நடுவில் வீரனை வானுலக மகளிர் அழைத்துச் செல்லும் காட்சி, மேலே அவன் இலிங்கத்தை வழிபடும் காட்சி.

இரண்டாம் படி: பழைய பதிவைத் தேடுதல்

உங்கள் ஊர்க் கல் ஏற்கெனவே படிக்கப்பட்டிருக்கலாம். தேடும்போது மாவட்டப் பெயரில் கவனம் வேண்டும். தருமபுரி 1965இல் சேலத்திலிருந்தும், கிருஷ்ணகிரி 2004இல் தருமபுரியிலிருந்தும் பிரிந்தவை. எனவே இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊர் ஒன்றின் கல்வெட்டு, 1970களின் கல்வெட்டுப் பட்டியலில் தருமபுரி மாவட்டத்தின் கீழும், அதற்கு முந்தைய பட்டியலில் சேலம் மாவட்டத்தின் கீழும் இருக்கும். வட்டப் பெயர்களும் மாறியிருக்கும் என்பதால், ஊர்ப் பெயரைக் கொண்டு தேடுவதே நல்லது.

மூன்றாம் படி: கல்லுக்கு உரியவர்களிடம் பேசுதல்

நமக்கு அது வரலாற்றுச் சான்று. அங்கு பொங்கல் வைப்பவர்களுக்கு அது குலசாமி. பூசாரியிடமும் பங்காளிகளிடமும் அனுமதி பெறாமல் கல்லைத் தொடக்கூடாது. “தாத்தா, இது எந்தக் காலத்துக் கல்லுங்க?” என்று தொடங்கினால் பேச்சு அதோடு நின்றுவிடும். “இந்தச் சாமிக்கு எந்த மாசம் பொங்கல் வைப்பீங்க? முதல் படையல் யாரு போடுவாங்க?” என்று கேட்டால், குடும்ப வழிகளும், கல் முன்பு நின்ற இடமும், இப்போது மண்ணுக்குள் கிடக்கும் வேறு கற்களும் ஒவ்வொன்றாகப் பேச்சில் வரும். கேட்டதை அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: பதிவு செய்தல்

தரைக்கு மேல் தெரியும் உயரம், அகலம், தடிமன் ஆகியவற்றைச் சென்டிமீட்டரில் அளந்து, கல் நோக்கும் திசையையும், கைப்பேசி காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களையும் குறியுங்கள். முன், பின், இரு பக்கங்கள் எனத் தனித்தனியே படமெடுங்கள். கல்லின் அருகில் அளவுகோல் ஒன்று தெரிய வேண்டும். சுற்றுப்புறத்தோடு சேர்த்து ஒரு படம் கட்டாயம் தேவை, ஏனெனில் நாளை கல் காணாமற்போனால் அது நின்ற இடத்தைக் காட்டும் சான்று அந்தப் படம்தான்.

எழுத்து உள்ள கல்லுக்கு நண்பகல் வெளிச்சம் பயன்படாது. அந்தி சாய்ந்த பின், டார்ச் விளக்கைக் கல்லின் பக்கவாட்டில் முகப்பை ஒட்டிப் பிடித்தால், பகலில் வெறும் சொரசொரப்பாகத் தெரிந்த இடத்தில் வெட்டுகளின் ஓரம் நிழலாக எழுந்து, வரி வரியாக எழுத்து நிற்கும். விளக்கை இடம், வலம், மேல் என மாற்றி மாற்றி ஒவ்வொரு நிலைக்கும் ஒரு படம் எடுங்கள். ஒரு படத்தில் மறையும் எழுத்து இன்னொன்றில் தெளியும். பல்லவர் காலக் கற்கள் பெரும்பாலும் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்து வடிவில் இருக்கும். “கோவிசைய” என்ற அரச அடைமொழியோடு தொடங்கி, அரசன் பெயரும் ஆட்சியாண்டும் வந்து, “பட்டான் கல்” (இறந்தவனின் கல்) என்பது போல முடியும். இடையில் “தொறு” என்ற சொல் தென்பட்டால், அது மாட்டு மந்தையைக் குறிக்கிறது. வடபகுதி ஊர்களில் கன்னட எழுத்தும் கிடைக்கும்.

மைப்படி எடுப்பதைத் தொடக்கத்தில் முயல வேண்டாம். ஈரத்தாளைக் கல்லில் ஒட்டித் தூரிகையால் அடித்து மை ஒற்றும் அந்த வேலையில், பொரிந்த கல்லாக இருந்தால் மேற்பரப்பே பெயர்ந்துவிடும். பயிற்சி பெற்றவர்களிடம் விடுங்கள்.

ஐந்தாம் படி: தவிர்க்க வேண்டியவை

எழுத்து தெரிய வேண்டும் என்று சுண்ணக்கட்டியோ மைதா மாவோ தடவாதீர்கள். ஆசிட், கம்பித் தூரிகை, பெயின்ட் ஆகியவை கல்லுக்குக் கேடு. சாய்ந்த கல்லைச் சிமெண்ட் வைத்து நிறுத்துவதும் வேண்டாம். மண்ணுக்குள்ளிருந்து பழம்பொருள் கிடைத்தால், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ எழுத்தில் கொடுத்து, ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: மரபு நடை

பதிவு முடிந்த பின்னரே, கற்களை நடந்து சென்று பார்க்கும் மரபு நடைக்கு ஊராரை அழையுங்கள். உலக மரபு நாள் ஏப்ரல் 18இல் வருகிறது. ஆனால் நம் பக்கத்துச் சித்திரை வெயிலில் சிறுவர்களை அழைத்துச் செல்வது கடினம். நவம்பர் 19 முதல் 25 வரையிலான உலக மரபு வாரம் நல்லது, மழையை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். எனக்குப் பிடித்த நாள் காணும் பொங்கல். முந்தைய நாள் மாட்டுக்குப் பொங்கலிட்ட வீடுகளிலிருந்து, மாட்டை மீட்டு மாண்டவனின் கல்லுக்குக் குழந்தைகள் நடந்து வருவார்கள்.

இருபது, இருபத்தைந்து பேருக்கு மேல் வேண்டாம், கடைசி வரிசைக்குக் குரல் எட்டாது. ஒரு நடைக்கு இரண்டு மூன்று கற்கள் போதும். முதலில் அந்தக் கோயில் பெரியவர் பேசட்டும். அதன்பின் ஊர்ப் பள்ளி மாணவர் ஒருவர் கல்வெட்டை வாசித்துப் பொருள் சொல்லட்டும். செருப்பைக் கழற்றும் இடத்தையும், படமெடுக்கலாமா என்பதையும் புறப்படும் முன்பே சொல்லிவிடுங்கள்.

நடை முடிந்த வாரத்திலேயே அளவுகளும் படங்களும் கொண்ட பதிவுத் தாளின் நகல்களை ஊராட்சி அலுவலகத்துக்கும், பள்ளி நூலகத்துக்கும், மாவட்ட அருங்காட்சியகத்துக்கும் கொடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை அதே இடத்தில் நின்று, அதே கோணத்தில் படமெடுத்துப் பழைய படத்தோடு ஒப்பிட்டு, புதிய விரிசலோ சாய்வோ இருந்தால் தேதியோடு தாளில் சேர்த்து, தொல்லியல் துறைக்கு எழுதுங்கள்.