உங்கள் பல்கலைக்கழகத்தில் எண்ணெய்க் கம்பெனிப் பணம் எங்கே இருக்கிறது? தேடிக் கண்டுபிடிக்கும் முறை

பருவநிலை மாற்றத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் அதே பல்கலைக்கழகம் எண்ணெய்க் கம்பெனியிடம் பணம் வாங்குகிறதா, வாங்கினால் என்ன நிபந்தனையில் வாங்குகிறது என்பதை அங்கே படிக்கும் மாணவரோ பழைய மாணவரோ தாமே கண்டுபிடிக்கலாம். வக்கீல் தேவையில்லை. பொறுமை வேண்டும், எந்தக் காகிதத்தை யாரிடம் கேட்பது என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அமெரிக்காவையும் பிரிட்டனையும் வைத்தே எழுதுகிறேன், ஏனென்றால் இந்தப் பணத்தை எதிர்த்து மாணவர்கள் நீண்டகாலம் போராடியதும், அதனால் ஆவணங்கள் வெளியே வந்ததும் அங்கேதான். இந்தியாவில் படிப்பவர்களுக்கு உதவுவதைத் தனியாகச் சொல்கிறேன்.

எல்லோரும் முதலில் கேட்பது "எவ்வளவு வாங்கினார்கள்?" என்றுதான். தொகை தெரிவது நல்லதுதான், ஆனால் அதோடு நின்றுவிட்டால் பாதி வேலைகூட ஆகவில்லை. பத்து லட்சம் டாலரை எந்த நிபந்தனையும் இல்லாமல் கொடுத்தவரும் இருப்பார், ஒரு லட்சத்தைக் கொடுத்துவிட்டு யாரை வேலைக்கு எடுக்கலாம் என்று சொல்லும் உரிமையையும் சேர்த்து வாங்கிக்கொண்டவரும் இருப்பார். தொகையைக் கேளுங்கள், ஒப்பந்தத்தின் நகலை அதைவிட அழுத்திக் கேளுங்கள்.

முதலீட்டிலிருந்து தொடங்குங்கள்

இருப்பதில் எளிதானது எண்டோமென்ட் நிதி. ஹார்வர்டு தமிழ் இருக்கைக்காக உலகம் முழுக்கத் தமிழர்கள் 60 லட்சம் டாலர் சேர்த்தார்களே, தமிழ்நாடு அரசும் 10 கோடி ரூபாய் கொடுத்ததே, அது இந்த வகைப் பணம். முதல் தொகையை யாரும் எடுத்துச் செலவு செய்வதில்லை, முதலீடு செய்து, வரும் வருமானத்தில் பேராசிரியருக்குச் சம்பளம் கொடுப்பார்கள். இப்படி வந்த நன்கொடைகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து முதலீடு செய்வது ஹார்வர்டு மேனேஜ்மென்ட் கம்பெனி. அந்த மொத்தம் 4,000 கோடி டாலரைத் தாண்டியிருந்த 2021 செப்டம்பரில், பல்கலைக்கழகத்தின் அப்போதைய தலைவர் லாரன்ஸ் பேக்கோ ஓர் அறிவிப்பு வெளியிட்டார்: புதைபடிவ எரிபொருளைத் தேடி எடுக்கும் கம்பெனிகளில் நேரடி முதலீடு இல்லை, இனியும் செய்யப்போவதில்லை, தனியார் பங்கு நிதிகள் (பங்குச் சந்தையில் இல்லாத கம்பெனிகளில் பணம் போடுபவை) வழியாக மறைமுகமாக இருப்பது 2 சதவீதத்துக்கும் குறைவு, அதுவும் காலம் முடிய முடியக் கரைந்துவிடும். மாணவர்கள் பல வருடம் விடாமல் நெருக்கியதால் வந்த அறிவிப்பு இது. 2019 நவம்பரில் ஹார்வர்டும் யேலும் ஆடிய அமெரிக்கக் கால்பந்துப் போட்டியின் இடைவேளையில் இரண்டு பல்கலைக்கழக மாணவர்களும் மைதானத்தில் உட்கார்ந்து ஆட்டத்தையே தாமதப்படுத்தினார்கள், 2021 மார்ச்சில் மாசசூசெட்ஸ் அட்டர்னி ஜெனரலிடம் புகாரே கொடுத்தார்கள்.

நேரடி முதலீட்டை நீங்களே பார்க்கலாம். அமெரிக்கப் பங்குச் சந்தையில் 10 கோடி டாலருக்கு மேல் நிர்வகிக்கும் நிறுவனங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 13எஃப் என்ற படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் எஸ்.இ.சி. ஆணையத்தின் எட்கர் தளத்தில் பல்கலைக்கழகத்தின் பெயரையோ அதன் முதலீட்டு நிறுவனத்தின் பெயரையோ போட்டால் எந்தக் கம்பெனியில் எத்தனை பங்கு என்று வரிசையாக வந்துவிடும், காசு கட்ட வேண்டாம். ஆனால் இதில் எண்ணெய்க் கம்பெனி பெயர் இல்லை என்றதும் சந்தோஷப்பட்டு மூடிவிடாதீர்கள். தனியார் பங்கு நிதிகள் இந்தப் படிவத்தில் வராது, பெரிய பல்கலைக்கழகங்களின் பணத்தில் கணிசமான பகுதி அங்கேதான் இருக்கும். பேக்கோ சொன்ன அந்த 2 சதவீதமும் 13எஃப்-ல் தெரியாது. 4,000 கோடியில் 2 சதவீதம் என்றால் 80 கோடி டாலர் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சில பல்கலைக்கழகங்களிடம் பங்கு மட்டுமில்லை, எண்ணெய்க் கிணறே உண்டு. மேற்கு டெக்சாஸில் 21 லட்சம் ஏக்கர் நிலம் டெக்சாஸ் பல்கலைக்கழக நிதிக்குச் சொந்தம், 1923-ல் சான்டா ரீட்டா கிணற்றில் எண்ணெய் பீறிட்டதிலிருந்து அந்த வருமானம் வந்துகொண்டே இருக்கிறது. அந்தக் கிணற்றின் பழைய இயந்திரத்தை ஆஸ்டின் வளாகத்திலேயே நினைவுச் சின்னமாக வைத்திருக்கிறார்கள். அங்கே "முதலீட்டை விலக்கு" என்ற கோரிக்கையோடு மட்டும் போனால் முக்கியமான சங்கதியே விட்டுப்போகும்.

ஆராய்ச்சிப் பணம்

என்னைக் கேட்டால் முதலீட்டைவிட இதுதான் பெரிய விவகாரம். பங்கை விற்றுவிட்டால் இன்னொருவர் வாங்கிக்கொள்வார். ஆராய்ச்சிக்குப் பணம் கொடுப்பவரோ எந்தக் கேள்வி கேட்கப்படும், எது கேட்கப்படாமலே போகும் என்பதைத் தொட முடியும். பிரின்ஸ்டனில் கார்பன் தணிப்பு ஆராய்ச்சித் திட்டத்துக்கு 2000-லிருந்து பிரிட்டன் எண்ணெய்க் கம்பெனியான பிபி பணம் கொடுத்தது. பெர்க்லியில் 2007-ல் பத்து வருடத்துக்கு 50 கோடி டாலர் என்று அறிவித்து பிபி தொடங்கிய எனர்ஜி பயோசயின்சஸ் இன்ஸ்டிட்யூட்டில், கம்பெனி விஞ்ஞானிகள் தங்கள் சொந்த ரகசிய ஆராய்ச்சியை நடத்தத் தனி இடமே ஒதுக்கப்பட்டது. ஸ்டான்ஃபோர்டில் 2002-ல் எக்ஸான்மொபில் 10 கோடி டாலர் தருவதாகச் சொல்லி ஒரு பருவநிலைத் திட்டம் தொடங்கியது. பணம் வாங்கியதாலேயே முடிவு பொய் என்று ஆகிவிடாது, அப்படி எழுதவும் எழுதாதீர்கள். ஆனால் 2022-ல் நேச்சர் கிளைமேட் சேஞ்ச் இதழில் வந்த ஆய்வு ஒன்று, எரிவாயுத் தொழிலின் பணம் பெறும் பல்கலைக்கழக மையங்களின் அறிக்கைகள் எரிவாயுவைச் சாதகமாகவே பேசுகின்றன, அந்தப் பணம் குறைவாக உள்ள மையங்கள் அப்படி எழுதுவதில்லை என்று காட்டியது. அதனால்தான் ஒப்பந்தத்தைப் படிக்க வேண்டியிருக்கிறது.

ஒப்பந்தத்தில் என்ன இருக்கும் என்று தெரிய இரண்டு உதாரணம் போதும். ஹார்வர்டு-ஸ்மித்சோனியன் வானியல் மையத்தில் இருந்த வில்லி சூன், புவி வெப்பமாதலுக்கு மனிதர்கள் காரணம் என்பதைச் சந்தேகித்து எழுதிவந்தவர். தகவல் சட்டத்தின் வழியாக கிரீன்பீஸ் வாங்கிய காகிதங்கள் 2015-ல் வெளியானபோது, புதைபடிவ எரிபொருள் தொழிலிடமிருந்து அவருக்கு 12 லட்சம் டாலருக்கு மேல் வந்திருந்ததும், பல கட்டுரைகளில் அதைச் சொல்லவில்லை என்பதும் தெரிந்தது. மின்சாரம் தயாரிக்கும் சதர்ன் கம்பெனியோடு இருந்த ஒப்பந்தத்தில், வெளியிடும் முன் கட்டுரையைக் கம்பெனியின் கருத்துக்குக் காட்ட வேண்டும், கம்பெனியின் பெயரை அனுமதி இல்லாமல் சொல்லக் கூடாது என்று எழுதியிருந்தது. தொகையை மட்டும் கேட்டிருந்தால் இந்த வரிகள் யார் கண்ணிலும் பட்டிருக்காது.

இன்னொன்று வர்ஜீனியாவில் உள்ள ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகம். எண்ணெய்ச் சுத்திகரிப்பிலும் குழாய்வழியிலும் வளர்ந்த கோக் குடும்பத்தின் அறக்கட்டளை அங்கே பல வருடம் பணம் கொடுத்தது. 2018-ல் வெளியான பழைய ஒப்பந்தங்களில், சில பேராசிரியர் பதவிகளுக்கு ஆள் எடுக்கும் குழுவில் நன்கொடையாளர் தரப்புக்கும் இடம் இருந்தது. கல்விச் சுதந்திரத்துக்கான அளவுகோலை இவை எட்டவில்லை என்று பல்கலைக்கழகத் தலைவரே ஒப்புக்கொண்டார். ஆனாலும் மாணவர்கள் போட்ட வழக்கு தோற்றது. நன்கொடை வாங்குவது பல்கலைக்கழகம் இல்லை, அதன் தனி அறக்கட்டளை, அதற்குத் தகவல் சட்டம் பொருந்தாது என்று 2019 டிசம்பரில் வர்ஜீனியா உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பணம் எந்தப் பெயரில் உள்ளே வருகிறது என்பதை முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

அறக்கட்டளை வாயைத் திறக்காவிட்டால் மறுபக்கம் போங்கள். அமெரிக்காவில் பல்கலைக்கழகம் வரித் துறையிடம் தாக்கல் செய்யும் 990 படிவத்தில் நன்கொடையாளர் பெயர்கள் பொதுமக்களுக்குக் காட்டப்படாது. ஆனால் தனியார் அறக்கட்டளைகள் தாக்கல் செய்யும் 990-பிஎஃப் படிவத்தில் யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்ற பட்டியல் இருந்தே ஆக வேண்டும். புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனத்தின் நான்பிராஃபிட் எக்ஸ்புளோரர் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். வாங்கியவர் மறைத்தாலும் கொடுத்தவர் கணக்கில் மாட்டும்.

மனுவை எழுதும் விதம்

பிரிட்டனில் (தனிச் சட்டம் உள்ள ஸ்காட்லாந்து தவிர) பல்கலைக்கழகங்கள் 2000-ம் ஆண்டுத் தகவல் சுதந்திரச் சட்டத்துக்குள் வருகின்றன, ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜின் ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியாக வரும். கேட்பவர் அந்த நாட்டுக்காரராக இருக்க வேண்டியதில்லை, மதுரையில் உட்கார்ந்துகொண்டு ஒரு மின்னஞ்சலில் கேட்கலாம். 20 வேலை நாளுக்குள் பதில் வர வேண்டும். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கலிஃபோர்னியாவில் யாரும் கேட்கலாம், வர்ஜீனியாவில் அந்த மாநிலத்தவருக்கே உரிமை. தனியார் பல்கலைக்கழகங்களுக்கு இந்தச் சட்டங்கள் பொதுவாகப் பொருந்தாது.

"எண்ணெய்க் கம்பெனிகளோடு உள்ள எல்லாத் தொடர்புகளும்" என்று எழுதினால் நிராகரித்துவிடுவார்கள். தேட 18 மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று பிரிட்டன் பல்கலைக்கழகம் கணக்குக் காட்டினாலே மறுக்கலாம். ஆகவே சுருக்கிக் கேளுங்கள். உதாரணத்துக்கு இப்படி: "2018 ஆகஸ்ட் 1 முதல் 2023 ஜூலை 31 வரை பிபி, ஷெல், எக்ஸான்மொபில் ஆகிய மூன்று நிறுவனங்களிடமிருந்து பெற்ற ஆராய்ச்சி நிதியும் நன்கொடையும், ஆண்டு, துறை, தொகை வாரியாக. அவற்றில் தொகையில் பெரிய மூன்று ஒப்பந்தங்களின் முழு நகல், பிற்சேர்க்கைகளோடு. வெளியீட்டுக்கு முன் பார்வையிடும் உரிமை, காப்புரிமை, ஆலோசனைக் குழு இடம் பற்றிய பிரிவுகள் நீக்கப்பட்டிருந்தால், எந்தச் சட்டப் பிரிவின்படி நீக்கப்பட்டன என்ற விளக்கம்." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். கறுப்பு மை பூசிய பக்கங்கள் வரும்போது அதுதான் உங்கள் பிடி.

"வணிக ரகசியம்" என்ற மறுப்புதான் அதிகம் வரும். பிரிட்டன் சட்டத்தின் 43-ம் பிரிவு அது, ஆனால் அந்தப் பிரிவைச் சொன்னால் மட்டும் போதாது, பொதுநலனையும் எடைபோட்டுக் காட்ட வேண்டும். முதலில் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே மறுஆய்வு கேளுங்கள், அப்புறம் தகவல் ஆணையரிடம் போங்கள். கோபமாக எழுதாதீர்கள். மனுவைக் கையாள்பவர் ஒரு சாதாரண அலுவலர், அவரிடம் மரியாதையாகப் பேசினால் "எதைக் குறைத்துக்கொண்டால் தர முடியும்?" என்று கேட்கும்போது உதவுவார், உதவுவது அவருடைய சட்டக் கடமையும்கூட.

இந்தியாவில் அரசுப் பல்கலைக்கழகம், ஐஐடி என்றால் 2005-ம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 10 ரூபாய்க் கட்டணம், 30 நாள், காரணம் சொல்ல வேண்டியதில்லை, தமிழ்நாட்டில் தமிழிலேயே எழுதலாம். வணிக ரகசியம் என்று 8(1)(டி) பிரிவைக் காட்டினால் முதல் மேல்முறையீடு செய்யுங்கள், அதற்கும் 30 நாள்தான் அவகாசம், தள்ளிப்போடாதீர்கள்.

ஆட்களையும் பாருங்கள்

2012-ல் டெக்சாஸ் பல்கலைக்கழகம், பாறையைப் பிளந்து எரிவாயு எடுப்பதால் நிலத்தடி நீர் கெடுவதற்கு ஆதாரம் இல்லை என்று ஓர் அறிக்கை வெளியிட்டது. அதற்குத் தலைமை தாங்கிய சார்லஸ் குரோட், எரிவாயு எடுக்கும் பிளெய்ன்ஸ் எக்ஸ்ப்ளோரேஷன் கம்பெனியின் இயக்குநர் குழுவில் இருந்தார், அறிக்கையில் அதைச் சொல்லவில்லை. இதைக் கண்டுபிடிக்க யாரும் ரகசிய ஆவணம் திருட வேண்டியிருக்கவில்லை. இயக்குநர்களின் பெயரும் அவர்கள் பெறும் பணமும் ஆண்டுக் கூட்டத்துக்கு முன் கம்பெனி பங்குதாரர்களுக்கு அனுப்பும் அறிக்கையிலேயே (புராக்ஸி ஸ்டேட்மென்ட்) இருக்கும், அது எட்கரிலும் இருக்கும். விசாரணைக்குப் பின் அறிக்கை திரும்பப் பெறப்பட்டது, அவர் விலகினார், ஆய்வு நிலையத்தின் தலைவரும் பதவியை விட்டார். பிரிட்டனில் இதே வேலையைக் கம்பெனிகளைப் பதிவு செய்யும் கம்பெனீஸ் ஹவுஸ் தளத்தில் செய்யலாம். துணைவேந்தர், நிதிக் குழு உறுப்பினர்கள், எரிசக்தி மையத்தின் இயக்குநர், இந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள்.

அந்தப் பணத்தில் உதவித்தொகை வாங்கும் மாணவர்களை மட்டும் இதற்குள் இழுக்காதீர்கள். வங்கிக் கடன் வாங்கிக்கொண்டு போன பிள்ளை, எந்தக் கம்பெனி கட்டணம் கட்டுகிறது என்று பார்த்துச் சேரும் நிலையில் இருப்பதில்லை. பெயரை வெளியிடாதீர்கள், முடிந்தால் அவர்களிடம் பேசுங்கள், உள்ளே நடப்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

கிடைத்ததை வெளியிடும் முன் பல்கலைக்கழகத்துக்கு எழுதிப் பதில் கேளுங்கள், அவர்கள் சொல்வதையும் சேர்த்துப் போடுங்கள், காகிதங்களை முழுதாக இணையத்தில் ஏற்றுங்கள். அப்புறம் ஒப்பந்தம் முடியும் தேதியைப் பாருங்கள். நடுவில் உடைக்கப் பல்கலைக்கழகம் பயப்படும், இழப்பீடு கேட்பார்கள் என்று சொல்லும். புதுப்பிக்காமல் விடுவதற்கு அந்தச் சாக்கு செல்லாது. முடிவதற்கு ஒரு வருடம் முன்பே ஆசிரியர் சங்கத்தையும் மாணவர் பேரவையையும் சந்தித்து, இனி ஒப்பந்தம் போட்டால் கையெழுத்துக்கு முன்பே பொதுவில் வைக்க வேண்டும் என்ற தீர்மானத்தைக் கொடுத்துவிடுங்கள்.