வெள்ளிக்கிழமைக்கு ஏற்ற சீன டோஃபு

கல்லடியில் எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மீன், முட்டை எதுவும் அடுப்படிக்கு வராது. பருப்பு, கத்தரிக்காய், சோயா மீற் என்று மாறி மாறிச் சமைத்துப் பிள்ளைகளுக்கு அலுத்துப்போன நேரத்தில்தான் சோயாப் பாலைத் திரைத்துக் கட்டியாக்கிய இந்த டோஃபுவைப் பிடித்துக்கொண்டேன். பொன்னிறமாகப் பொரித்து, சோயா சோஸில் மெல்ல வேக விடுகிற சீன வீட்டுச் சமையல். மிளகாய்த்தூளும் தேங்காய்ப்பாலும் இல்லாமல் ருசி வருமா என்று மாமி கேட்டார். வரும். பொரிக்கும்போதும் வேக விடும்போதும் அவசரப்படாமல் இருந்தால் போதும்.

கெட்டியான டோஃபு 300 கிராம் வாங்குங்கள். பட்டுப்போல வழுக்கும் வகை இதற்குச் சரிவராது, தாச்சியிலேயே கரைந்துவிடும். அரை அங்குலத் தடிப்பில் வெட்டி, உப்புப் போட்ட சுடுதண்ணீரில் 10 நிமிடம் கிடக்க விடுங்கள். உள்ளே கொஞ்சம் உப்பு இறங்கும், துண்டுகளும் இறுகும். பிறகு சுத்தமான துணியில் பரப்பி, மேலேயும் ஒரு துணியை வைத்து ஒற்றி எடுங்கள். ஈரம் இருந்தால் எண்ணெய் முகத்தில் தெறிக்கும்.

தாச்சி நன்றாகச் சூடான பிறகே மூன்று மேசைக்கரண்டி எண்ணெய் விட வேண்டும். தேங்காய் எண்ணெயின் வாசம் சோயா சோஸை அமுக்கிவிடும் என்பதால் நான் மரக்கறி எண்ணெய்தான் பாவிப்பேன். துண்டுகளை ஒன்றோடொன்று முட்டாமல் அடுக்கிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். முதலில் அடியில் ஒட்டிக்கொள்ளும். அப்போது கிண்டினால் பிய்ந்துவிடும். நாலைந்து நிமிடத்தில் ஓரம் பொன்னிறமாகி, தாச்சியை ஆட்டினால் துண்டுகள் தானாக வழுக்கும். அதுதான் திருப்புகிற நேரம். மற்றப் பக்கமும் சிவந்ததும் எடுத்து வையுங்கள்.

சோஸுக்கு: வெளிர் சோயா சோஸ் இரண்டு மேசைக்கரண்டி, கறுப்புச் சோயா சோஸ் ஒரு தேக்கரண்டி, சீனி ஒரு தேக்கரண்டி. உப்புக்கு முதலாவது, நிறத்துக்கு இரண்டாவது. ஒயிஸ்டர் சோஸ் சிப்பியில் செய்வது, ஆகவே வெள்ளிக்கிழமை அது வேண்டாம். அதற்குப் பதில் காய்ந்த ஷிடேக் காளான் ஐந்தாறை ஒரு கோப்பை சுடுதண்ணீரில் அரை மணித்தியாலம் ஊற வையுங்கள். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், இந்தக் கறியின் உயிரே அதில்தான். கொழும்பு போகிறவர்களிடம் நான் சொல்லி வைத்து வாங்குவது இந்தக் காளானைத்தான். கிடைக்காவிட்டால் சிப்பிக் காளானை வதக்கி, வெறும் தண்ணீர் விடலாம், ருசி கொஞ்சம் குறையும். சீனர்கள் ஊற்றும் அரிசி வைனை நாங்கள் சேர்ப்பதில்லை. இஞ்சியைக் கூட்டிக்கொள்வோம்.

அதே தாச்சியில் மெல்லிசாக அரிந்த இஞ்சி, நாலு பல் உள்ளி, லீக்ஸின் வெள்ளைப் பகுதி, காளான் எல்லாம் போட்டு வதக்குங்கள். வாசம் கிளம்பியதும் சோஸ்களும் சீனியும், அப்புறம் காளான் ஊறிய தண்ணீர் முக்கால் கோப்பை. அடியில் மண் தங்கியிருக்கும், அதைத் தவிர்த்து மேலாக ஊற்றுங்கள். கொதித்ததும் டோஃபுவைப் போட்டு மூடி, சின்ன நெருப்பில் 10 நிமிடம். இடையில் ஒருதரம் திருப்பினால் போதும்.

கடைசியில் ஒரு தேக்கரண்டி கோன் பிளவரைப் பச்சைத்தண்ணீரில் கரைத்து, ஊற்றும் முன் மறுபடி கலக்கி, சுற்றிவர விடுங்கள். நுரை நுரையாகக் கொதித்த சோஸ் பெரிய குமிழியாக மெதுவாக வெடிக்கத் தொடங்கும், துண்டுகளில் பளபளவென்று ஒட்டும். லீக்ஸின் பச்சைப் பகுதியைத் தூவி இறக்கலாம். சீனர்கள் விடுவது வறுத்த எள்ளின் எண்ணெய். எங்கள் நல்லெண்ணெயில் அந்த வாசம் இல்லை. ஒரு தேக்கரண்டி எள்ளை வறுத்துப் பொடித்துத் தூவினால் அது கிடைக்கும்.

வெள்ளைச் சோற்றோடு சுடச்சுடச் சாப்பிடுங்கள். பைக்கற்றில் டோஃபு மிஞ்சினால் தண்ணீரில் மூழ்க வைத்து, பிரிட்ஜில் வைத்து, தினமும் தண்ணீரை மாற்றினால் இரண்டு மூன்று நாள் தாங்கும்.