வேலை போன சக ஊழியருக்கு உதவப் போய் நாம் செய்யும் தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், மொபேனி பக்கம் ஒரு துணிக் கிடங்கின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். அங்கே 17 வருடம் டிஸ்பாட்ச், அதாவது சரக்கை லாரியில் ஏற்றி அனுப்பும் வேலை, பார்த்த அக்கா ஒருவர், ஒரு வெள்ளிக்கிழமை மதியம் ரிட்ரெஞ்ச்மென்ட் (ஆட்குறைப்பு) கடிதத்தோடு மேலாளர் அறையிலிருந்து வெளியே வந்தார். நாற்காலியில் போட்டிருந்த பூப்போட்ட மெத்தையை எடுத்தார், சாப்பாட்டு டப்பாவை எடுத்தார், நடந்தார். நாங்கள் பத்துப் பதினைந்து பேர் இருந்தோம். எல்லோரும் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தோம். நானும்தான்.

கல்நெஞ்சு இல்லை. என்ன சொல்வதென்று தெரியாத தயக்கம். ஆனால் போகிறவருக்கு அது அப்படித் தெரியாது. "திருடிட்டுப் போறவ மாதிரி போனேன்" என்று அக்கா பிறகு சொன்னபோது எனக்கு நெஞ்சை அடைத்தது. ஆட்குறைப்பு என்றாலே ஊழியர் மேல் குற்றம் இல்லை, நிறுவனத்தின் நிலைமை காரணம் என்றுதான் சட்டமே சொல்கிறது. அதை அவரிடம் வாய்விட்டுச் சொல்ல அன்றைக்கு ஒரு ஆள் இருந்திருக்க வேண்டும்.

இரண்டு நாள் கழித்து "ஏதாவது வேணும்னா கூச்சப்படாம கேளுங்க" என்று மெசேஜ் போடுவதும் பெரிய உதவி இல்லை. கூச்சப்படுகிறவர் கேட்கவே மாட்டார். நான் கடைசியில் இப்படி அனுப்பினேன்: "அக்கா, சனிக்கிழமை பத்து மணிக்கு வீட்டுக்கு வர்றேன். ஆபீஸ்ல குடுத்த பேப்பர் எல்லாத்தையும் எடுத்து வைங்க." நாள், நேரம், வேலை மூன்றும் அதில் இருந்தன. "சரிம்மா" என்று ஒரே வார்த்தையில் பதில் வந்தது.

அந்தப் பேப்பர்களைப் பார்க்காமலே வேலை தேடக் கிளம்புவதுதான் என் கணக்கில் எல்லாவற்றிலும் பெரிய தவறு. சாட்ஸ்வொர்த்தில் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒவ்வொன்றாகப் பிரித்தோம். முதலாளி நிரப்பித் தரும் யூஐ-19 என்ற படிவத்தில், வேலை எதனால் முடிந்தது என்பதற்கு நேராக, அவரே ராஜினாமா செய்ததாகப் பதிவாகியிருந்தது. கடிதத்தில் ரிட்ரெஞ்ச்மென்ட், படிவத்தில் ராஜினாமா. யாருடைய கவனக்குறைவோ தெரியாது. அக்காவின் கண்ணில் அது படவே இல்லை. படுகிற நிலையிலும் அவர் இல்லை.

அந்த ஒரு சொல் எங்கெல்லாம் போய் இடிக்கும் என்று பாருங்கள். யூஐஎஃப் என்ற வேலையின்மைக் காப்பீட்டு நிதிக்கு மாதாமாதம் ஊழியர் சம்பளத்தில் 1 சதவீதமும் முதலாளி 1 சதவீதமும் கட்டுகிறார்கள். வேலை போனால் அதிலிருந்து உதவித்தொகை வரும். தானாக ராஜினாமா செய்தவருக்கு வராது. வேலை பார்த்த ஒவ்வொரு முழு வருடத்துக்கும் குறைந்தது ஒரு வாரச் சம்பளம் என்ற இழப்பீடு, அக்காவுக்கு 17 வாரம், அதுவும் ஆட்குறைப்பு என்றால்தான். வரியிலும் அப்படியே. ஆட்குறைப்பில் வரும் தொகையில் வாழ்நாள் கணக்காக 5,50,000 ராண்ட் வரை வரி இல்லை. பிராவிடன்ட் ஃபண்டை ராஜினாமா செய்தவராக எடுத்தால் வரியில்லாத பகுதி 27,500 ராண்ட்தான். ஆகவே தோழிக்கோ தோழருக்கோ உதவுகிறவர் முதலில் தேட வேண்டியது இந்தச் சொல்லை. "இதுல கையெழுத்துப் போட்டா ரெக்கார்டு சுத்தமா இருக்கும்" என்று ராஜினாமா கடிதத்தை யாராவது நீட்டினால், அன்றைக்குக் கையெழுத்துப் போட வேண்டாம், வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லச் சொல்லுங்கள்.

ஆட்குறைப்பே முறையாக நடக்கவில்லை என்று தோன்றினால் சிசிஎம்ஏ என்ற தொழில் தகராறு சமரச அமைப்பில் முறையிட, வேலை முடிந்த நாளிலிருந்து 30 நாள்தான். கட்டணம் கிடையாது. துக்கத்திலேயே இந்த 30 நாள் ஓடிவிடும். உங்கள் போனில் தேதியைக் குறித்து வையுங்கள். யூஐஎஃப்-க்கு 12 மாதம் இருக்கிறதே என்று அதையும் ஆறப்போட வேண்டாம்.

இன்னொன்றைப் பலர் படிப்பதே இல்லை. 1995-ஆம் ஆண்டுத் தொழிலாளர் உறவுச் சட்டத்தின் 189-ஆம் பிரிவுப்படி, ஆட்குறைப்புக்கு முன் ஊழியர் தரப்புக்கு எழுத்தில் ஒரு நோட்டீஸ் தர வேண்டும். போகிறவர்களுக்கு நிறுவனம் என்ன உதவி செய்யப் போகிறது, பின்னால் திரும்ப எடுக்க வாய்ப்பு உண்டா என்பதும் அதில் இருக்க வேண்டும். அந்த இரண்டு வரியையும் அடிக்கோடிட்டுக் கொடுங்கள். பணிச் சான்றிதழ் வாங்கும்போது, வேலை முடிந்த காரணத்தையும் எழுதச் சொல்லிக் கேட்க வேண்டும். கேட்டால்தான் எழுதுவார்கள். அடுத்த இடத்தில் "ஏன் வெளியே வந்தீங்க?" என்று கேட்டால் அந்தத் தாளே பதில் சொல்லும்.

அடுத்தது சிவி. நாம் செய்யும் தவறு, இன்னொருவருடைய சிவியை வாங்கி, பெயரை மாற்றி, "கடின உழைப்பாளி, குழுவோடு இணைந்து செயல்படுபவர்" என்று நிரப்பிக் கொடுப்பது. எல்லோரும் அதையேதான் எழுதுகிறார்கள். அக்கா தன் சிவியில் "டிஸ்பாட்ச் கிளார்க், 17 வருடம்" என்று ஒரு வரி எழுதி வைத்திருந்தார். வேறென்ன எழுதுவது என்று என்னையே கேட்டார். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "காலைல ஆறு மணிக்கு உள்ள வந்ததும் முதல்ல என்ன செய்வீங்க?" என்று கேட்டேன்.

முக்கால் மணி நேரம் பேசினார். லோடிங் ஷீட்டைக் கடைவாரியாகப் பிரிப்பது, அட்டைப்பெட்டி எண்ணிக்கையை இரண்டு தடவை சரிபார்ப்பது, புது டிரைவருக்கு வழி சொல்லிக் கொடுப்பது. ஒரு தடவை ஜோகன்னஸ்பர்க் லாரியில் வேறு கடையின் பெட்டிகள் ஏறிவிட்டன. மிச்சமிருந்த பெட்டிகளை எண்ணியே அதைக் கண்டுபிடித்து, லாரி மரியன்ஹில் டோல்கேட்டைத் தாண்டுவதற்குள் டிரைவருக்குப் போன் போட்டு நிறுத்தியிருக்கிறார். இது எங்கள் கட்டடத்தில் ஒருவருக்கும் தெரியாது. தமிழில் அவர் சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் நான் எழுதினேன். படித்துக் காட்டியபோது, "இது நானா?" என்றார். கூட வேலை பார்த்த நம்மால் கேட்க முடிகிற கேள்விகளை எந்த ஏஜென்சியாலும் கேட்க முடியாது.

அந்தச் சிவியை வாட்ஸ்அப் குழுக்களில் அள்ளி விடாதீர்கள். இங்கே பலர் சிவியிலேயே அடையாள எண், வீட்டு முகவரி, சான்றிதழ் நகல் எல்லாம் சேர்த்துவிடுகிறார்கள். அது எந்தக் கைக்குப் போய்ச் சேரும் என்று யாருக்கும் தெரியாது. பெயர், போன் எண், இருக்கும் பகுதி போதும். நகல்களைக் கேட்கும்போது கொடுக்கலாம். போலீஸ் நிலையத்தில் காசில்லாமலே சான்றொப்பம் போட்டுத் தருவார்கள்.

இன்னொருவருக்கு வேலை போனதை அவரைக் கேட்காமல் ஊருக்குச் சொல்வதும் தவறுதான். ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் இடத்தில், வரிசையில் நின்றபடியே ஒரு பெரியம்மா, "உனக்கு வேலை போயிடுச்சாமே!" என்று உரக்கக் கேட்டுவிட்டார். அக்கறையில்தான். அக்கா கூழ்ப் பாத்திரத்தை வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். கோயில் வட்டாரத்தில் கிடங்கு வைத்திருப்பவர்கள், கடை மேலாளர்கள் எல்லாம் வருகிறார்கள், அங்கே சொன்னால் பலன் உண்டு. ஆனால் "யார்கிட்ட சொல்லலாம், யார்கிட்ட வேண்டாம்?" என்று முதலில் அவரிடம் கேட்டுவிட்டு, ஒவ்வொருவரிடமும் தனியாகச் சொல்லுங்கள்.

வேலை வாங்கித் தருகிறேன் என்று பதிவுக் கட்டணம், சீருடைக் கட்டணம் கேட்கிற ஆளின் எண்ணை நல்லெண்ணத்தில்கூட அனுப்பக் கூடாது. வேலை தேடுகிறவரிடம் பணம் வாங்குவதை 2014-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சேவைகள் சட்டம் தடுக்கிறது. தொழிலாளர் துறையில் வேலை தேடுவோராகப் பதிவது இலவசம்.

பணமாகக் கொடுத்தால் வாங்கக் கூசுபவர் பலர். மொபைல் டேட்டா போட்டுவிடலாம், இன்டர்வியூ அன்று வண்டியில் கொண்டுபோய் விடலாம். பலரோடு நெருக்கி உட்கார்ந்து போகும் மினிபஸ் டாக்ஸியில் மாறி மாறி வியர்த்துப் போய் இறங்குவதற்கும் நேராகப் போய் இறங்குவதற்கும் எவ்வளவு வித்தியாசம்!

எல்லோரும் முதல் வாரம் உதவுகிறோம், நாலாவது வாரம் மறந்துவிடுகிறோம். மறக்காதவர்களோ பார்க்கும்போதெல்லாம் "ஏதாவது கிடைச்சுதா?" என்று கேட்கிறார்கள். கிடைத்திருந்தால் அவரே சொல்லியிருக்க மாட்டாரா? நான் செவ்வாய்க்கிழமை தோறும், அந்த வாரம் கண்ணில் பட்ட இரண்டு விளம்பரங்களோடு கூப்பிட்டேன். இல்லாத வாரம் வேறு கதை பேசினோம். டிசம்பர் நடுவில் இந்த ஊரே கடையை மூடிவிட்டு ஜனவரியில்தான் திறக்கும். அந்த நாட்களில் பதில் வராததைத் தன் தோல்வியாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

கடைசியாக, ரெஃபரன்ஸ். "என் பேரைப் போட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் புது எண்ணிலிருந்து வரும் அழைப்பை எடுக்காமல் விடுபவர்கள் உண்டு. எடுத்தாலும், "ரொம்ப நல்லவங்க" என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். எந்த வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறார் என்று முன்பே கேட்டு வையுங்கள், நீங்கள் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். எனக்குப் பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை அழைப்பு வந்தது, பைன்டவுனில் ஒரு கிடங்கிலிருந்து. அவசர நேரத்தில் அவர் எப்படி என்று கேட்டார்கள். தினமும் லோடிங் ஷீட்டில் அக்காவின் இரண்டாவது டிக் விழாமல் ஒரு பில்கூட என் மேசைக்கு வந்ததில்லை என்றேன். மரியன்ஹில் லாரியைப் பற்றி அவரிடமே கேளுங்கள், அவர் சொன்னால்தான் நன்றாக இருக்கும் என்றேன். மறுநாள் கேட்டிருக்கிறார்கள்.